ஏரி மீன் வறுவல்: சேற்று வாடை, கல்லில் வளைவது, முள் (வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்)

கொளத்தூர்_தூண்டில்:
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சப்பென்று போகிறது. காசிமேட்டில் பைபர் படகு மீன் கொஞ்சம் வருகிறது, அதற்குக் கூட்டம் முட்டி மோதுகிறது. மற்றதெல்லாம் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வரும் சரக்கு. ஜூன் 14 வரை இதே கதைதான். அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சோழவரம் தாண்டி ஒரு ஊர் ஏரியில், குத்தகை எடுத்தவரிடம் சொல்லிவிட்டுத் தூண்டில் போடுகிறோம். ஜிலேபி மீன் (திலாப்பியா) தாராளமாகக் கிடைக்கிறது. கெண்டையும் கெளுத்தியும் வரும். விரால் எப்போதாவது.

பிடிப்பதில் குறை இல்லை, வறுப்பதில்தான் சிக்கல். மஞ்சளும் உப்பும் போட்டு எத்தனை முறை கழுவினாலும் வாயில் வைத்தால் ஒரு சேற்று வாடை. கல்லில் போட்டதும் மீன் வில்லாக வளைந்துகொள்கிறது. நடுவில் வேகாமல் ஓரம் கருகுகிறது. துள்ளத் துடிக்கக் கொண்டுவந்த மீன், இதைவிடப் புதுசு எங்கே கிடைக்கும்? கெண்டையில் இருக்கும் முள்ளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தட்டையே தள்ளிவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

காசிமேடு_கறார்:
கடலை வாசலில் வைத்துக்கொண்டு ஏரி மீன் வறுக்கிறீர்களா தலைவா? தடை முடியும்வரை கருவாட்டுக் குழம்பு வைத்துச் சமாளியுங்கள். என்ன மசாலா போட்டாலும் ஏரி மீன் ஏரி மீன்தான்.

மாதவரம்_அக்கா:
கறார் தம்பி, வஞ்சிரம் ஒன்றுதான் மீன் என்றால் பேச ஒன்றும் இல்லை. ஒரு நல்ல விரால் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கொளத்தூர் தம்பி, மசாலாவை விடுங்கள். மீனை எங்கே ஆய்கிறீர்கள்? ஏரிக்கரையிலா, வீட்டுக்கு வந்தா?

கொளத்தூர்_தூண்டில்:
வீட்டுக்கு வந்துதான் அக்கா. பிளாஸ்டிக் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு வருவோம். விடியற்காலையில் பிடித்தது, வீடு சேர மதியம் ஆகிவிடும்.

மாதவரம்_அக்கா:
அங்கேதான் பாதி மீன் போய்விடுகிறது. மே மாத வெயிலில், குடலும் ரத்தமும் உள்ளேயே இருக்க, கட்டிய பைக்குள் மீன் வெந்துகொண்டே வருகிறது. வீட்டுக்கு வந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்புமா?

அடுத்த முறை ஒரு தெர்மாகோல் பெட்டியும் ரெண்டு பை ஐஸும் எடுத்துப் போங்கள். மீன் வந்ததும் தலையில் ஒரு தட்டு, உடனே செவுளுக்குக் கீழே அறுத்து, வாளித் தண்ணீரில் தலைகீழாகப் பிடித்து ரத்தத்தை வடிய விடுங்கள். சதை வெள்ளையாக நிற்கும், கவுச்சியும் பாதி குறையும். முடிந்தால் குடலையும் செவுளையும் கரையிலேயே எடுத்துவிடுங்கள். கழிவை ஏரியில் வீசாமல் ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்துவிடுங்கள், குத்தகைக்காரர் மறுமுறையும் உள்ளே விடுவார்.

ஜிலேபியை ஆய்வது எப்படி என்று சொல்கிறேன், இதில்தான் நிறைய பேர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். முதல் வேலை, கத்தரிக்கோலால் முதுகுத் துடுப்பை வால் பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக வெட்டி எடுப்பது. அந்த முட்கள் பின்னால் சாய்ந்து நிற்பவை, வால் பக்கத்திலிருந்து போனால் கத்தரி அடியில் நுழையும். அப்புறம் செதில், அதுவும் வாலிலிருந்து தலைக்கு. ஒரு தட்டில் தண்ணீர் விட்டு மீனை அதில் அமுக்கிப் பிடித்து உரசினால் செதில் அடுப்படி முழுக்கப் பறக்காது. வயிற்றைக் கீறும்போது கத்தி முனை மட்டும் உள்ளே போகட்டும். ஆழமாக இறங்கினால் பித்தப்பை உடைந்துவிடும். கல்லீரலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக இருக்குமே, அதுதான். உடைந்துவிட்டால் பச்சை பட்ட சதையை வெட்டி எறிந்துவிடுங்கள், கழுவினால் கசப்பு போகாது.

அடுத்து வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வு. ஜிலேபியில் இது கன்னங்கரேலென்று இருக்கும். விரலில் துணியைச் சுற்றித் தேய்த்தால் உரிந்து வரும். அதற்கும் மேலே முதுகெலும்பை ஒட்டி ஒரு கருஞ்சிவப்புக் கோடு ஓடும், அதன்மேல் மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுவார்கள். கத்தி முனையால் சவ்வை நீளமாகக் கீறி, கட்டை விரல் நகத்தாலோ பழைய பல் பிரஷாலோ சுரண்டி எடுங்கள். உறைந்த ரத்தம்போலக் கட்டியாக வரும். அது இருக்கும்வரை தண்ணீர் தெளியாது.

கடைசியாக மண்சட்டியில் கல் உப்பைப் போட்டு மீனை நன்றாக உரசி, ரெண்டு தண்ணீர் அலசுங்கள். பிறகு நீர்க்கக் கரைத்த புளித்தண்ணீரில் பத்து நிமிடம். மோரிலும் போடலாம். எடுத்துத் துணியில் ஒற்றித் துடைத்துவிட்டுத்தான் மசாலா.

தள்ளுவண்டி_மாஸ்டர்:
அக்கா சொன்னதில் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடணும். துடைக்காத மீனில் மசாலா நிற்காது. எண்ணெயில் தண்ணீர் தெறிக்கும், மீன் வறுபடாமல் வேகும்.

மீன்வளம்_படித்தவன்:
சேற்று வாடை பற்றி ஒரு விஷயம். அது மீனின் மேலே ஒட்டிய சேறு இல்லை, அதனால்தான் கழுவினால் போவதில்லை. ஏரித் தண்ணீரில் இருக்கும் சில நீலப்பச்சைப் பாசிகளும் மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை விடுகின்றன. முதல் மழை பெய்ததும் தரையிலிருந்து கிளம்பும் மணமும் இதுதான். நம் மூக்குக்கு இது மிக மிகக் குறைந்த அளவிலேயே தெரிந்துவிடும். மீன் செவுள் வழியாக இதை உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்துவைக்கிறது. ஆகவே வாடை அதிகம் இருப்பது தோலடியிலும், வயிற்றுப்புறக் கொழுப்பிலும், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையிலும்தான்.

தண்ணீர் வற்றிப் பச்சையாகிப்போன ஏரியில் மே மாதம் பிடித்த மீனில் வாடை தூக்கலாக இருக்கும். அதே ஏரியில் மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்து தெளிந்ததும் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதையும். புளி, எலுமிச்சை, மோர் என்று வீட்டுப் பெரியவர்கள் போட்டதற்கு அர்த்தம் இருக்கிறது. மஞ்சள் மட்டும் போட்டால் கவுச்சி அடங்கும், சேற்று வாடை அடங்காது.

உயிரோடு கொண்டுவர முடிந்தால் இன்னொரு வழியும் உண்டு. சுத்தமான தண்ணீரில் சில நாள் இரை போடாமல் விட்டுவைத்தால் வாடை குறைந்துகொண்டே வரும். விரால், கெளுத்திக்கு இது சரிப்படும். கெண்டை வாளியில் மூச்சுமுட்டிச் செத்துவிடும், அதில் முயற்சிக்க வேண்டாம். மெட்ரோ தண்ணீர் என்றால் பிடித்து ஒருநாள் திறந்துவைத்து குளோரின் வாடை போன பிறகு விடுங்கள்.

புழல்_பழசு:
விராலை வாளியில் விட்டால் மேலே பலகை வைத்து அதன்மேல் கல்லும் வையுங்கள். ராத்திரி துள்ளி வெளியே வந்து கூடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஈரம் இருந்தால் போதும், காற்றையே குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும் மீன் அது. அந்தக் காலத்தில் ஈரச் சாக்கில் சுற்றித்தான் சந்தைக்குக் கொண்டுபோவார்கள்.

விராலுக்குச் செதிலைவிட வழவழப்புதான் தொல்லை. அடுப்புச் சாம்பல் கிடைத்தால் அதைப் பூசி, கருங்கல்லில் தேய்த்தால் பிடி கிடைக்கும். இல்லாவிட்டால் கல் உப்பு. குட்டையில் பிடித்த பெரிய விரால் என்றால் தலைக்குக் கீழே சுற்றிக் கீறி, தோலைச் சட்டைபோலக் கழற்றிவிடுவதே நல்லது. முள் குறைவு, சதை கெட்டி. அரை அங்குலக் கனத்தில் வட்டமாகத் துண்டு போட்டு வறுத்தால் கடல் மீன்காரர்களும் பேசமாட்டார்கள்.

அப்புறம் தூண்டில்காரத் தம்பிகளுக்கு ஒன்று. தண்ணீர் மேலே செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் கொத்தாக மிதந்தால் அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடிக்கிறவன் என்னைப் பொறுத்தவரை மீன் பிடிக்கத் தெரிந்தவன் இல்லை. பெரியதுகள் போனால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

கொளத்தூர்_தூண்டில்:
நன்றி ஐயா. வளைவதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

மீன்வளம்_படித்தவன்:
மீன் மிகப் புதுசாக இருப்பதுதான் காரணம். செத்த கொஞ்ச நேரத்தில் உடம்பு விறைக்கும், பிறகு மெல்லத் தளரும். விறைப்பில் இருக்கும்போது கல்லில் போட்டால் தசை சுருங்கி இழுக்கும், தோலும் சேர்ந்து இழுக்கும். ஆய்ந்து சுத்தம் செய்த மீனை ஐஸிலோ பிரிட்ஜின் கீழ்த்தட்டிலோ ராத்திரி முழுக்க வைத்து மறுநாள் வறுங்கள். தட்டையாகப் படுத்துக்கொள்ளும், சதையும் மெத்தென்று இருக்கும்.

வண்ணாரப்பேட்டை_வறுவல்:
இதை ஏற்க மாட்டேன். ஏரிக்கரையில் பிடித்து அங்கேயே கல் கூட்டி வறுத்துச் சாப்பிட்டவர்களைக் கேளுங்கள், அந்த ருசி மறுநாள் வருமா? ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வைப்பதென்றால் கடையில் வாங்கிவிடலாமே, எதற்குத் தூண்டில்?

மீன்வளம்_படித்தவன்:
கரையிலேயே வறுத்தால் விறைப்பு வருவதற்கு முன் அடுப்பேறிவிடுகிறது. அதுவும் சரிதான். விறைப்பு ஏறிய நடுவாந்திர நேரத்தில் வறுப்பதுதான் தகராறு. கொளத்தூர் நண்பர் சரியாக அந்த நேரத்தில்தான் கல்லைச் சூடாக்குகிறார்.

மாதவரம்_அக்கா:
ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. முழு ஜிலேபியின் ரெண்டு பக்கமும் எலும்பு தட்டும் வரை மூன்று நான்கு கீறல் போடுங்கள். தோல் இழுக்க இடம் இருக்காது, வளையாது. மசாலாவும் உள்ளே இறங்கும்.

வண்ணாரப்பேட்டை_வறுவல்:
அக்கா சொன்னால் சரி. ஆனால் தோலை உரிக்கச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. வறுவலில் மொறுமொறுப்பே தோல்தான்.

மீன்வளம்_படித்தவன்:
தெளிந்த தண்ணீர் மீன் என்றால் தோல் இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் மீன் என்றால் உரித்துவிடுங்கள். ஒரு துண்டை மசாலா இல்லாமல் உப்பு மட்டும் போட்டு வறுத்துக் கடித்துப் பார்த்தால் எந்த வகை என்று உடனே தெரிந்துவிடும்.

பெரம்பூர்_ஃப்ளாட்:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் பெரியம்மா கெண்டையின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் கண்ணுக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்று எடுத்துவைக்கச் சொல்கிறார். கசக்கும், பரவாயில்லை என்கிறார்.

மீன்வளம்_படித்தவன்:
வேண்டவே வேண்டாம். கெண்டை இனத்து மீன்களின் பித்தநீரில் நச்சு இருக்கிறது. ரோகு, புல் கெண்டை எல்லாம் அந்த இனம்தான். இதை மருந்து என்று விழுங்கிவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கிச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்களை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. பெரியம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே விழுங்கியிருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

பெரம்பூர்_ஃப்ளாட்:
இதுவரை விழுங்கவில்லை. இப்போதே போன் போடுகிறேன்.

எண்ணூர்_காற்று:
எல்லோரும் எப்படி வறுப்பது என்று பேசுகிறீர்கள். எந்தத் தண்ணீர் மீன் என்று யாராவது கேட்டீர்களா? வடசென்னையில் முதல் கேள்வியே அதுதான். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். எங்கள் பக்கம் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வேறு வந்து ஆற்றில் பரவியது. பக்கிங்காம் கால்வாய் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேற்று வாடையாவது நாக்குக்குத் தெரியும். ஈயம், பாதரசம் எல்லாம் தெரியாது. எத்தனை புளி போட்டாலும் எத்தனை சூட்டில் வறுத்தாலும் அது மீனிலேயே இருக்கும்.

மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் மீன், உடம்பில் புண் இருக்கும் மீன், காலையில் செத்து மிதக்கும் மீன், மூன்றையும் தொடாதீர்கள். ஜிலேபி சாக்கடையிலும் பிழைக்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன், இன்றைக்கு அது இல்லாத குட்டை இல்லை. உயிரோடு துள்ளுகிறது என்பதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று நம்பிவிட முடியாது.

காசிமேடு_கறார்:
இதைத்தானே நானும் சொன்னேன்.

எண்ணூர்_காற்று:
நீங்கள் அதைச் சொல்லவில்லை. முகத்துவாரத்து அழுக்கு கடலுக்குத்தான் போகிறது, அதையும் யோசியுங்கள்.

புழல்_பழசு:
கெளுத்தி வாங்குகிறவர்கள் ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பார்த்து ஒதுக்குங்கள். பெரிய தட்டைத் தலை, நீண்ட மீசை, உடம்பு கறுத்துத் தடியாக இருக்கும். வளர்க்கவே தடை இருக்கிறது. கசாப்புக் கழிவைப் போட்டு வளர்ப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. நம் ஏரிக் கெளுத்தி கையளவுதான் இருக்கும். அதன் முதுகிலும் ரெண்டு பக்கமும் முள் உண்டு. தேளி என்ற கெளுத்தி வகையின் முள் பட்டால் ராத்திரித் தூக்கம் போச்சு. குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அரைமணி நேரமாவது கையை வையுங்கள், அந்த விஷம் சூட்டில் அடங்கும். வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கொளத்தூர்_தூண்டில்:
குத்தகைக்காரர் குஞ்சு விட்டு வளர்க்கும் ஏரி இது. சுற்றிலும் வயல்தான், தொழிற்சாலை கிடையாது. இனி வறுக்கும் பக்குவத்துக்கு வாருங்கள். மாஸ்டர் அண்ணா?

தள்ளுவண்டி_மாஸ்டர்:
சொல்கிறேன். தினமும் சாயங்காலம் கல் போடுகிறவன், அளவு கண்ணில்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு கிலோவுக்குக் கணக்காகச் சொன்னால், மூன்று மேசைக்கரண்டி தனி மிளகாய்த்தூள், அதில் ஒரு பங்கு காஷ்மீரி மிளகாய். கலர் பொடி போடாதீர்கள், காஷ்மீரியே சிவப்பு தரும். மஞ்சள் அரைக் கரண்டி. இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, பூண்டு தூக்கலாக. ஏரி மீனுக்கு மட்டும் மிளகும் சோம்பும் அரைத்து ஒவ்வொரு கரண்டி சேருங்கள். கடல் மீனுக்கு நான் சோம்பு போடுவதில்லை. அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி, மசாலா பிடிப்பதற்கு. சோள மாவும் முட்டையும் போட்டால் பஜ்ஜி மாதிரி மேலே ஓடு கட்டும், மீன் தெரியாது.

இதைத் தண்ணீர் விட்டுக் கலக்காதீர்கள். கெட்டிப் புளிக்கரைசலும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டுக் குழைக்க வேண்டும். எலுமிச்சை என்றால் அரைமணி நேரத்துக்கு மேல் ஊறக் கூடாது. ஜிலேபி மென்மையான சதை, புளிப்பில் கிடந்தால் மாவாகிவிடும். விரால் தாங்கும்.

இரும்புக் கல்லை முதலில் எண்ணெய் இல்லாமல் நன்றாகக் காயவிடுங்கள். லேசாகப் புகை வரும்போது கடலை எண்ணெய் ஊற்றி, கறிவேப்பிலை ஒன்றைப் போட்டுப் பாருங்கள், உடனே பொரியணும். மீனை வைத்ததும் தீயை நடுத்தரமாக்குங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். கரண்டியை வைத்து நோண்டக் கூடாது. அடிப்பக்கம் வறுபட்டால் மீன் தானாகக் கல்லை விடும். ஓரத்தை லேசாகத் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் திருப்பலாம், ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம். கல் நிறைய அடுக்காதீர்கள், சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். இறக்கும்போது தட்டிய பூண்டும் கறிவேப்பிலையும் அதே எண்ணெயில் போட்டு மேலே கொட்டுங்கள்.

ரெண்டாவது ஈடு போடும் முன் கல்லில் கருகிக் கிடக்கும் மசாலாவை வழித்துவிடுங்கள். அதில் வரும் கசப்பை எல்லோரும் மீன் கசப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டை_வறுவல்:
மாஸ்டர், கடை எங்கே?

தள்ளுவண்டி_மாஸ்டர்:
மூலக்கடைப் பக்கம். விளம்பரம் இங்கே வேண்டாம்.

மாதவரம்_அக்கா:
கெண்டை முள்ளுக்கு நான் சொல்கிறேன். கெண்டை வகையில் விலா எலும்பு தவிர, முதுகுச் சதைக்குள் கவட்டைக்குச்சிபோலப் பிரிந்த பொடிமுள் இருக்கும். எடுக்க முடியாது, அறுக்கத்தான் முடியும். செதில் எடுத்த மீனை முதுகுப் பக்கம் வைத்து, நெல்மணி அகலத்துக்கு ஒரு கீறல் என்று தலையிலிருந்து வால் வரை நெருக்கமாகப் போடுங்கள். கத்தி முள்ளை அறுக்கும்போது கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கும். நடு எலும்பைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதல் எண்ணெயில், மெல்லிய தீயில் நிதானமாக வறுத்தால் அந்தத் துண்டு முள்ளெல்லாம் பொரிந்துவிடும். கையளவுக் கெண்டைக்கு இது அருமையாக வரும். ரெண்டு கிலோ கட்லாவுக்கு வராது. அதை நடுத்துண்டு மட்டும் வறுத்து, வாலைக் குழம்புக்குப் போடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எப்படியும் நீங்களே உதிர்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ரசம் சோற்றோடு கொடுத்துப் பாருங்கள், சாப்பிடுவார்கள்.

பெரம்பூர்_ஃப்ளாட்:
பெரியம்மா பித்தப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டார், ஒரே முணுமுணுப்பு. இன்றைக்கு வாங்கிய ரோகுவில் பெரிய சினை இருக்கிறது. போனமுறை எண்ணெயில் போட்டதும் பட்டாசாக வெடித்து அடுப்படி முழுக்கத் தெறித்தது. அதற்கு என்ன செய்வது?

மாதவரம்_அக்கா:
பச்சையாகப் போட்டால் வெடிக்கத்தான் செய்யும். பை கிழியாமல் எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டுத் தளதளவென்று கொதிக்காத வெந்நீரில் பத்து நிமிடம் வேகவையுங்கள். உள்ளே கெட்டியானதும் எடுத்து ஆறவிட்டு, விரல் கனத்துக்கு வில்லை போட்டு, மாஸ்டர் சொன்ன அதே மசாலாவைப் பிரட்டிக் கல்லில் வாட்டுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு தெறிக்கும், ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.